பாலாற்றங்கரைத் தோல் ஆலைகளில் விபத்து விசாரணை

பணியிட விபத்தை விசாரிப்பதற்கு இரண்டு நோக்கங்கள் உண்டு. இழப்பீடு தர வேண்டியவர் யார், தண்டனைக்கு உரியவர் யார் என்று தீர்மானிப்பது ஒன்று. அதே விபத்து அடுத்த ஆலையில் நிகழாமல் தடுப்பது மற்றொன்று. வேலூர், இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் அடங்கிய தோல் வட்டாரத்தில் முதல் நோக்கத்துக்குச் சட்டமும் அலுவலகமும் படிவங்களும் ஏறத்தாழ நூறாண்டுகளாக இருக்கின்றன. இரண்டாவது நோக்கம் சட்டத்தில் இடம்பெற்றும் நடைமுறையில் வேர்பிடிக்கவில்லை. இந்த வட்டாரத்தின் விபத்து விசாரணை வரலாறு பெரும்பாலும் அந்தக் குறையின் வரலாறுதான்.

இங்கே தோல் பதனிடுதல் பெருந்தொழிலாக வளர்ந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். பாலாற்று ஊற்றுநீரும், ஆவாரம் பட்டையும், கடுக்காயும் அதற்கு அடிப்படை. பாதி பதனிட்ட தோல் ‘ஈஸ்ட் இந்தியா’ என்ற பெயரில் சென்னைத் துறைமுகம் வழியாக இலண்டனுக்குப் போனது. வேலை முழுவதும் தொட்டிகளில் நடந்தது. உப்பிட்ட தோலை ஊறவைத்து, சுண்ணாம்புத் தொட்டியில் கிடத்தி, மயிரை நீக்கி, சதையைக் கத்தியால் சீவி, பட்டைச்சாற்றில் வாரக்கணக்கில் போட்டு எடுப்பார்கள். சுண்ணாம்பு கையையும் காலையும் அரிக்கும். சீவும் கத்தி நழுவினால் விரல் போகும். ஈரத்தரையில் கனத்த தோல்கட்டோடு வழுக்கி விழுவது அன்றாடம். இந்த ஈரவேலையில் இறங்கியவர்களில் மிகப்பெரும்பாலோர் தலித் மக்கள். அவர்களுடைய காயங்கள் நெடுங்காலம் எந்தப் பதிவேட்டிலும் ஏறாததற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் சட்டத்தின் பார்வை. 1881இல் வந்த முதல் இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் எந்திர விசையால் இயங்கும் பெரிய ஆலைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. பஞ்சாலைச் சக்கரத்தில் சிக்கிய கை அதன் கண்ணில் பட்டது. சுண்ணாம்புத் தொட்டியில் வெந்த கால் படவில்லை. 1922இன் திருத்தம் விசையோடு 20 பேர் வேலை செய்யும் இடங்களைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. பட்டைத் தொட்டிகளை மட்டும் வைத்துக்கொண்டு எந்திர விசையே இல்லாமல் நடந்த ஆலைகள் பொதுவிதிக்கு வெளியிலேயே நின்றன. எந்திரம் இல்லையென்றால் விபத்தும் இல்லை என்பதுதான் அந்தச் சட்டத்தின் உள்ளார்ந்த கணக்கு.

விட்லி தலைமையிலான இந்தியத் தொழிலாளர் அரச ஆணையம் 1931இல் அளித்த அறிக்கை, சட்டத்துக்கு உட்படாத தொழிற்கூடங்களுக்கென்று தனி அத்தியாயம் ஒதுக்கியது. மைக்கா, அரக்கு, பீடி, கம்பளம் ஆகியவற்றோடு தோல் பதனிடுதலும் அதில் இடம்பெற்றது. அதன் தொடர்ச்சியாக 1938இன் சிறுவர் வேலைச் சட்டம் தோல் பதனிடுதலைத் தன் அட்டவணையில் சேர்த்தது. ஆணையத்தின் விசாரணை வேலைநேரம், கூலி, வயது, சுகாதாரம் என்று விரிந்தது. ஒரு குறிப்பிட்ட காயம் எப்படி நேர்ந்தது என்று பின்னோக்கிப் போவது அதன் பணியாக இருக்கவில்லை.

அப்படிப் பின்னோக்கிப் போகும் முறை அதே காலத்தில் இங்கிலாந்தில் ஏற்கெனவே இருந்தது. ஆந்த்ராக்ஸ் என்னும் நோய் ஆட்டுமயிர், கம்பளி, பச்சைத்தோல் ஆகியவற்றின் வழியாகத் தொழிலாளிக்குத் தொற்றும். அக்காலத்தில் பலரைக் கொன்றது. பிராட்ஃபோர்டு நகரில் 1905இல் ஆந்த்ராக்ஸ் விசாரணைக் குழு அமைந்தது. அதன் நுண்ணுயிரியலாளர் ஐரிக், நோயுற்ற ஒவ்வொருவரும் எந்தச் சரக்கைத் தொட்டார், அது எங்கிருந்து வந்தது, அதில் இரத்தக் கறை இருந்ததா என்று ஆண்டுக்கணக்கில் தேடினார். ஆலையில் முகமூடி கொடுப்பதைவிடச் சரக்கு ஆலைக்குள் நுழையும் முன்பே கிருமி நீக்குவதுதான் வழி என்று அந்தத் தேடல் காட்டியது. 1919இல் ஆந்த்ராக்ஸ் தடுப்புச் சட்டம் வந்தது; 1921இல் லிவர்பூலில் கம்பளிக்கான கிருமி நீக்கு நிலையம் திறக்கப்பட்டது. ஒரு விசாரணை தடுப்பாக மாறியதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

அதே நோய் இந்தியச் சட்டத்துக்குள் நுழைந்த விதம் வேறு. 1923இன் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் ஆந்த்ராக்ஸைத் தொழில்சார் நோயாக அட்டவணையில் சேர்த்தது. தோலைக் கையாண்டவர் அந்த நோயால் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் உண்டு. எந்தச் சந்தையில் வாங்கிய தோல், எந்த ஊரில் செத்த மாடு என்று தேடிப்போக ஐரிக்கைப் போல ஒருவர் ஆம்பூருக்கோ வாணியம்பாடிக்கோ நியமிக்கப்படவில்லை. பதனிட்ட தோல் கப்பல் ஏறியபோது, பச்சைத்தோலை முதலில் தொடும் ஆபத்து இக்கரையிலேயே தங்கிவிட்டது. உரிய தொகையைக் கொடுத்துக் கோப்பை மூடும் பழக்கத்தின் தொடக்கம் இங்கேதான்.

விட்லி அறிக்கை வந்த அதே 1931இல் அமெரிக்காவில் ஹைன்ரிச் என்னும் காப்பீட்டு நிறுவன அலுவலர் தொழிலக விபத்துத் தடுப்பு குறித்து ஒரு நூல் வெளியிட்டார். விபத்துகளில் 88 விழுக்காடு தொழிலாளியின் பாதுகாப்பற்ற செயலாலும், 10 விழுக்காடு பாதுகாப்பற்ற சூழலாலும் நேர்கின்றன, 2 விழுக்காடு தவிர்க்க முடியாதவை என்று அதில் கணக்கிட்டார். அவர் பார்த்தவை பெரும்பாலும் முதலாளிகளும் மேற்பார்வையாளர்களும் காப்பீட்டுக்காக எழுதிக்கொடுத்த அறிக்கைகள். எழுதியவரே பிறரைக் குறைசொல்லும் இடத்தில் இருந்தார் என்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். ஆனாலும் அந்த எண் உலகம் முழுவதும் பரவியது. ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்ற சொற்றொடர் தமிழ்நாட்டு ஆலைகளின் விபத்துப் படிவங்களிலும் நிலைத்தது. அந்த ஒரு சொற்றொடர் எழுதப்பட்டதும் அடுத்த கேள்விக்கு இடமில்லாமல் போகிறது.

இரண்டாம் உலகப் போரின் இறுதியில் இந்தத் தொழில் மீண்டும் ஆராயப்பட்டது. ரேகே தலைமையிலான தொழிலாளர் விசாரணைக் குழுவுக்காக அகமது முக்தார் தோல் ஆலைகளைப் பற்றிய தனி அறிக்கையை 1946இல் எழுதினார். சென்னை மாகாண அரசு அமைத்த விசாரணை மன்றம் பீடி, சுருட்டு, மூக்குப்பொடித் தொழில்களோடு தோல் பதனிடுதலையும் ஆராய்ந்து 1947இல் அறிக்கை அளித்தது. அதை நடத்தியவர் பொருளியல் அறிஞர் பி. வி. நாராயணசாமி நாயுடு. பதனிடும் கூடங்களை வெளியிலிருந்து வந்தவர்கள் உள்ளே சென்று பார்த்து எழுதிய ஆவணங்கள் என்ற வகையில் இவ்விரண்டுக்கும் மதிப்பு அதிகம். 1948இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் தோல் ஆலைகள் இடம்பெற்றதும், அதே ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் விசையிருந்தால் 10 பேர், விசையில்லாவிட்டால் 20 பேர் என்று வரம்பை இறக்கியதும் இந்தக் காலத்துப் பேறுகள். பட்டைத் தொட்டி ஆலை முதன்முறையாகத் தன்னியல்பாகவே தொழிற்சாலை ஆனது. சென்னையில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டதும் 1948இல்தான்.

விபத்து விசாரணைக்கு 1948இன் சட்டம் தந்த அமைப்பு இன்றளவும் விளங்கிக்கொள்ளத்தக்கது. 88ஆம் பிரிவின்படி, உயிரிழப்போ, 48 மணி நேரத்துக்கு மேல் வேலைக்கு வரமுடியாத காயமோ நேர்ந்தால் ஆலை மேலாளர் அறிவிக்க வேண்டியிருந்தது. உயிரிழப்பாக இருந்தால் அறிவிப்பு கிடைத்த ஒரு மாதத்துக்குள் அதிகாரி விசாரிக்க வேண்டியிருந்தது. 1976இல் சேர்க்கப்பட்ட 88ஏ பிரிவு, யாருக்கும் காயமில்லாவிட்டாலும் ஆபத்தான நிகழ்வுகளை அறிவிக்கச் சொன்னது. தடுப்பு நோக்கில் இதுவே மிகக் கூர்மையான பிரிவு. உயிர் போகும் முன்பே படித்துக்கொள்ள வாய்ப்பளித்தது இது ஒன்றுதான். 89ஆம் பிரிவு நோய்களுக்கானது. அதன் அட்டவணையில் ஆந்த்ராக்ஸும் குரோமியப் புண்ணும் இருந்தன. 90ஆம் பிரிவு மாநில அரசுக்கு ஓர் ஆற்றலைத் தந்தது: விபத்தின் காரணத்தை ஆராயத் தகுதியுள்ள ஒருவரை நியமிக்கலாம், சாட்சிகளை அழைக்க அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு.

ஆனால் அந்த அறிக்கையை வெளியிடுவது அரசின் விருப்பத்துக்கு விடப்பட்டது. இதோடு 1952இன் சுரங்கச் சட்டத்தை ஒப்பிட வேண்டும். சுரங்க விபத்துக்கென அமைக்கப்படும் விசாரணை மன்றத்தின் அறிக்கையை மத்திய அரசு கட்டாயம் வெளியிட வேண்டும் என்று அது விதித்தது. தன்பாத் அருகே சாஸ்நாலா சுரங்கத்தில் 1975இல் 370க்கும் மேற்பட்டோர் இறந்தது போன்ற பேரிடர்கள் பொதுவில் அலசப்பட இந்த விதி உதவியது. தோல் ஆலைக்கு அத்தகைய கட்டாயம் இருக்கவில்லை. பேரணாம்பட்டில் ஒரு தொட்டி கற்றுக்கொடுத்த பாடம் மேல்விஷாரத்துக்கு எட்டாமல் போக இந்த ஒரு வேறுபாடே போதும்.

சட்டம் இப்படி நின்றிருக்கையில் தொழில் மாறியது. 1972இன் சீதாராமையா குழுவின் பரிந்துரைப்படி, பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி முழுமையாக முடித்த தோலை ஊக்குவிக்கும் கொள்கை அடுத்த ஆண்டு வந்தது. அதுவரை ஓரளவே இருந்த குரோமியப் பதனிடுதலும், சுழலும் பெரிய டிரம்களும், சதை சீவும் எந்திரங்களும், சாய அறைகளும் வட்டாரம் முழுவதும் பரவின. காயத்தின் முகமும் மாறியது. எந்திர உருளையில் சிக்கும் கை, டிரம் கதவில் நசுங்கும் விரல், கரைப்பான் ஆவியால் பற்றும் தீ ஆகியவை புதியவை. கொடியது ஒன்று உண்டு; அது கண்ணுக்குத் தெரியாது.

மயிர் நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு சேர்க்கப்படுகிறது. அந்தக் கரைசலின் காரத்தன்மை 12 பி.எச். அளவில் இருக்கும்வரை சல்ஃபைடு நீரிலேயே கட்டுண்டிருக்கும். அடுத்த கட்டங்களில் சுண்ணாம்பை நீக்கவும், ஊறுகாய்ப் பதத்துக்குக் கொண்டுவரவும் அமிலம் சேரும். அந்த அமிலக் கழிவும் சல்ஃபைடு கழிவும் ஒரே கால்வாயில், ஒரே தொட்டியில் கலந்தால் காரத்தன்மை இறங்கி ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வெளியேறும். 7 பி.எச். அளவில் சல்ஃபைடின் பாதி வாயுவாகிவிடும். காற்றைவிடக் கனமான அது தொட்டியின் அடியில் தேங்கும். சிறிதளவில் அழுகிய முட்டை நாற்றம் காட்டிக்கொடுக்கும். 10 லட்சத்தில் 100 பங்கு அளவை எட்டினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. 500ஐத் தாண்டினால் சில நிமிடங்களிலேயே நினைவு தப்பும். நாற்றம் போய்விட்டது என்று இறங்குகிறவர் மிக மோசமான நேரத்தில் இறங்குகிறார்.

கசடு அள்ள ஒருவர் இறங்கி மயங்குகிறார். தூக்கிவிட இறங்கிய இரண்டாமவரும் விழுகிறார். சில வேளைகளில் மூன்றாமவரும். உலகெங்கும் இதுவே நடக்கிறது. அடைபட்ட இடங்களில் நேர்ந்த மரணங்களில் 60 விழுக்காட்டுக்கும் மேல் காப்பாற்றப் போனவர்களுடையவை என்று அமெரிக்காவின் தேசியப் பணியிடப் பாதுகாப்பு நிறுவனம் 1986இல் எச்சரித்தது. கொல்கத்தாவின் பாந்தலா தோல் வளாகத்தில் 2025 பிப்ரவரியில் கழிவுநீர்க் குழியில் மூவர் இறந்தார்கள்.

இத்தகைய மரணத்தை எங்கே நிறுத்தி விசாரிப்பது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. இறங்கினார், இறந்தார், முகமூடி அணியவில்லை என்று முடிப்பது எளிது. தொழிற்சாலைச் சட்டத்தின் 36ஆம் பிரிவு ஒருபடி மேலே போகச் சொன்னது: தகுதியுள்ளவர் காற்றைச் சோதித்து எழுத்தில் சான்று தந்தாரா, இறங்கியவருக்கு மூச்சுக் கருவி இருந்ததா, இடுப்புக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு மேலே ஒருவர் நின்றாரா? இந்தக் கேள்விகளே முந்தைய மரணங்களிலிருந்து எழுந்தவை. அதற்கும் மேலே போனால் வேலையின் அமைப்பு தென்படும். தொட்டியைத் துப்புரவு செய்ய ஒப்பந்தக்காரரை ஏன் ஞாயிற்றுக்கிழமை அழைத்தார்கள்? எந்தத் தொட்டியில் எந்தக் கழிவு இருக்கிறது என்று அவரிடம் சொன்னவர் யார்? இன்னும் மேலே போனால் தொழில்நுட்பம். சல்ஃபைடு கால்வாயும் அமிலக் கால்வாயும் ஏன் தனித்தனியாக இல்லை? மாங்கனீசு உப்பு சேர்த்துக் காற்றூட்டினால் சல்ஃபைடை முன்கூட்டியே சிதைக்கலாம். அது ஏன் செய்யப்படவில்லை? கசட்டை மனிதர் இறங்காமல் பம்பு வைத்து எடுக்கும் வகையில் தொட்டி ஏன் கட்டப்படவில்லை? கடைசி மூன்று கேள்விகளுக்குக் கிடைக்கும் விடை ஓர் ஆளுக்கு மட்டும் உரியதல்ல. வட்டாரத்தின் எல்லா ஆலைகளுக்கும் பயன்படும். நொதிகளைக் கொண்டு சல்ஃபைடின் தேவையைக் குறைக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுகள், மாசுக் குறைப்புக்காக மேற்கொள்ளப்பட்டாலும், இந்த மேல்படியில்தான் வருகின்றன.

போபால் பேரிடர் 1984இல் நடந்ததும் 1987இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. அபாயகரமான செயல்முறைகளின் பட்டியலில் தோல் பதனிடுதலும் சேர்ந்தது. ஆபத்தைப் பற்றித் தொழிலாளிக்கும் சுற்றியிருப்போருக்கும் தகவல் சொல்லும் கடமை, பாதுகாப்புக் குழுவில் தொழிலாளரின் சம பங்கு, உடனடி ஆபத்தை நிர்வாகத்தின் கவனத்துக்குக் கொண்டுவரும் உரிமை ஆகியவை கிடைத்தன. கீழ்மட்டத்துக் கை அறிந்ததை மேசைக்குக் கொண்டுசெல்லும் வழி சட்டத்தில் திறந்தது அப்போதுதான். ஒப்பந்தக் கூலிகளாலும் சின்னஞ்சிறு கூலிப் பதனிடும் கூடங்களாலும் நடக்கும் தொழிலில் அந்த வழியைப் பயன்படுத்த வல்லவர்கள் குறைவு.

இதே காலத்தில் பாலாற்றைப் பற்றிய விசாரணை முற்றிலும் வேறு பாதையில் போனது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும், கேடு உறுதியாகும்வரை காத்திராமல் முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும் என்ற இரு கொள்கைகளை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கிய தீர்ப்பு அது. ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அதன்படி அமைந்த சூழல் இழப்பு ஆணையம் கிணறு கிணறாக, வயல் வயலாகக் கேட்டறிந்து, 2001இல் 29,193 பேருக்கு ஏறத்தாழ 26.82 கோடி ரூபாய் வழங்கத் தீர்மானித்தது. நிலத்துக்கும் நீருக்கும் நேர்ந்த கேடு அளக்கப்பட்டது, வரைபடமானது, பெயர்ப்பட்டியலானது. தொட்டிக்குள் இறந்தவர்களுக்கு அப்படியொரு பட்டியல் எழுதப்பட்டதில்லை. ஆற்றுக்காக முடிந்தது ஆளுக்காகவும் முடிந்திருக்கும் என்பதற்கு இந்த வட்டாரமே சாட்சி.

தீர்ப்பின் விளைவாகப் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டாயமாகின. ஆலைகளில் சிதறிக் கிடந்த ஆபத்தின் ஒரு பகுதி அவற்றுக்கு இடம்பெயர்ந்தது. குரோமியமும் சல்ஃபைடும் கலந்த கசடு ஓரிடத்தில் மலைபோலச் சேர்ந்தது. 2015 ஜனவரி 31, நள்ளிரவு கடந்த நேரம். இராணிப்பேட்டை சிப்காட் வளாகத்துச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் கசடு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்தது. பெருக்கெடுத்த கசடு பக்கத்து ஆலைக்குள் பாய்ந்து, அங்கே உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்களைக் கொன்றது. அவர்களில் ஒன்பது பேர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தொட்டி உரிய அனுமதியின்றிக் கட்டப்பட்டது என்று அப்போது செய்திகள் வந்தன. காவல்துறை வழக்குப் பதிந்தது. நிலையம் மூடப்பட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது.

இறந்தவர்கள் யாரும் அன்று எந்த எந்திரத்தையும் தொடவில்லை, எந்த விதியையும் மீறவில்லை. உறங்கினார்கள். ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று எழுத வழியே இல்லாத விபத்து இது. ஆகவே எழுந்த கேள்விகள் எல்லாம் அமைப்பைப் பற்றியவை. கசடு ஏன் அப்புறப்படுத்தப்படாமல் தேங்கியது? சுவரின் வலிமையைக் கணக்கிட்ட பொறியாளர் யார்? கசிவோ விரிசலோ முன்பு காணப்பட்டதா, அது 88ஏ பிரிவின்படி அறிவிக்க வேண்டிய நிகழ்வா? தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே ஏன் தங்கவைக்கப்பட்டார்கள்? இவற்றில் முதலாவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு உரியது; இரண்டாவது தொழிற்சாலை ஆய்வாளருக்கும் கட்டட அனுமதி தருவோருக்கும்; கடைசிக் கேள்வி தொழிலாளர் துறைக்கு. குற்றம் காவல்துறையிடம், பணம் இழப்பீட்டு ஆணையரிடம் அல்லது தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகத்திடம். ஒரே விபத்து ஐந்தாறு கோப்புகளாகப் பிரிந்து ஐந்தாறு அலுவலகங்களுக்குப் போகிறது. அவற்றை ஒன்றுசேர்த்து ஒரே அறிக்கையாக்கி, தேக்கத்தொட்டி வைத்திருக்கும் எல்லா நிலையங்களுக்கும் அனுப்பும் பொறுப்பு அந்த அலுவலகங்களில் எதன் கடமைப் பட்டியலிலும் இல்லை.

2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து, இராணிப்பேட்டை தனி மாவட்டமானது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்குப் போயின. ஒரே தொழிலைக் கண்காணிக்கும் மாவட்ட நிர்வாகங்கள் மூன்றாயின. இராணிப்பேட்டை விபத்துக்குப் பத்தாண்டு நிறைவதற்கு ஒரு நாள் முன்பு, 2025 ஜனவரி 30 அன்று, பாலாற்று மாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் மீண்டும் தீர்ப்பளித்தது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும், வழக்கை முடிக்காமல் தொடர்ந்து கண்காணிக்கவும் அது ஆணையிட்டது. தன் கண்டறிதல்கள் நிறைவேறினவா என்று திரும்பிப் பார்க்கும் விசாரணை எப்படியிருக்கும் என்பதற்கு இந்த ஏற்பாடு நல்ல முன்மாதிரி.

தொழிற்சாலைச் சட்டத்தின் இடத்தில் இப்போது 2020இன் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் வந்துள்ளது. விபத்து, ஆபத்தான நிகழ்வு, நோய் ஆகியவற்றை அறிவிக்கும் கடமைகள் அதன் 10, 11, 12ஆம் பிரிவுகளில் தொடர்கின்றன. விதிமீறலால் உயிரிழப்பு நேர்ந்தால் விதிக்கும் அபராதத்தில் பாதிக்குக் குறையாத தொகையைக் குடும்பத்துக்கு அளிக்க நீதிமன்றம் ஆணையிடலாம் என்பது புதிது, வரவேற்கத்தக்கது. தொழிற்சாலை என்பதற்கான வரம்பு விசையிருந்தால் 20 பேர், விசையில்லாவிட்டால் 40 பேர் என்று உயர்ந்திருக்கிறது. அபாயகரமான தொழில்கள் எனத் தனியே அறிவிக்கப்படுபவற்றுக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. ஆகவே பேரணாம்பட்டிலும் ஆம்பூரிலும் 15 பேரைக் கொண்டு இயங்கும் ஒரு பதனிடும் கூடம் தொழிற்சாலைக்குரிய விதிகளுக்கு உட்படுமா என்பது அந்த அறிவிக்கைகளின் வாசகத்தைப் பொறுத்தது.